பிங்கா ஓயாவுக்கும் ஓர் இருப்புக் கணக்கு வேண்டும்

வருஷக் கடைசியில் கடையில் இருப்பு எடுக்காத வியாபாரி இல்லை. புத்தகத்தில் 200 மூடை சீமெந்து என்று இருக்கும். களஞ்சியத்தில் 200 மூடையும் இருக்கின்றனவா, அதில் எத்தனை மூடை ஈரம் பட்டு இறுகிப் போய்விட்டது என்று கையால் தொட்டு எண்ணினால்தான் அந்த வருஷம் இலாபமா நட்டமா என்பது தெரியவரும். புத்தகத்தை மட்டும் பார்த்து ஸகாத் கணக்குக்கூடப் போட முடியாது. நமது மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஓயாக்களுக்கும் ஏரிக்கும் வயல்வெளிகளுக்கும் என்று செய்கிற வேலைகளில் இப்படியான இருப்பு எடுப்பு நடக்கிறதா என்பதே இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம்.

வியாபாரப் பக்கத்தில் இதை எதற்கு எழுதுகிறீர்கள், இது சுற்றாடல்காரர்களின் வேலையல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து போனது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆக அதிகமாக இழந்தது நமது கண்டி மாவட்டம். கம்பளையில் மகாவலி கடைகளுக்குள் வந்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அக்குறணையிலோ பிங்கா ஓயா வீதிக்கு ஏறுவது புயல் வந்தால்தான் என்றில்லை. இரண்டு மணி நேரம் அடை மழை பெய்தால் போதும், ஷட்டரை இழுத்துவிட்டு கீழ்த்தட்டுச் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுகிற வேலை தொடங்கிவிடும். புடைவைக் கடையில் ஒரு கட்டுத் துணி சேற்றில் நனைந்தால் அது கழிவுத் துணி. மின்சாதனக் கடையில் அதுவும் இல்லை, அப்படியே குப்பை. இதைவிட வியாபார விடயம் வேறென்ன இருக்கிறது?

ஈரநிலம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது கடற்கரையும் களப்பும் கண்டல் காடும்தான். அதற்குக் காரணமும் உண்டு. 1971ல் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் செய்துகொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் ஆறு இடங்கள் பதியப்பட்டிருக்கின்றன. புந்தல, ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து. மலைநாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே உடன்படிக்கை ஈரநிலம் என்பதற்குச் சொல்கிற விளக்கத்தைப் பார்த்தால் ஆறும், குளமும், சதுப்பும், நெல் வயலும்கூட அதற்குள் அடங்குகின்றன. அந்தக் கணக்கில் கண்டி ஏரி ஓர் ஈரநிலம். ஏரியின் வான் வழியாக நகரத்துக்குள் ஓடி மகாவலியில் விழுகிற மெத எல ஓர் ஈரநிலம். அக்குறணையைக் கடந்து கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேர்கிற பிங்கா ஓயாவும், அதன் இரு கரையிலும் ஒரு காலத்தில் விரிந்து கிடந்த வயல்களும் ஈரநிலமே.

கண்டி ஏரி இருக்கிற இடமே வயலாக இருந்த இடம்தான். 1807ல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணை கட்டி அதை ஏரியாக்கினான். அரசன் அழகுக்குச் செய்தானோ வேறு எதற்குச் செய்தானோ, நாலா பக்க மலையிலிருந்தும் வருகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிற தொட்டி ஒன்று இன்று நகரத்தின் தலைமாட்டில் இருக்கிறது. அந்தத் தொட்டிக்குள் நகரத்தின் அழுக்கு சேர்ந்து, 1999ல் தண்ணீர் பச்சையாகி நச்சுப் பாசி பூத்ததும் இதே ஏரியில்தான்.

பத்துப் பேர்ச்சின் கணக்கு

நான் சீமெந்தும் கம்பியும் விற்கிறவன். கட்டட வேலை நின்றால் முதலில் அடிபடுவது என் கல்லாப்பெட்டி. ஆகவே யாரும் கட்டக்கூடாது என்று சொல்ல வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஓயாவோரத்து வயல் ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச்சஸ். மழைக்கு ஓயா பெருகி அந்த வயலில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் பரந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 246 பவுசர். இவ்வளவு தண்ணீரையும் வயல் ஓர் இரவு வைத்திருந்து, ஓயா வற்ற வற்ற மறுநாள் விட்டுவிடும். இதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, மோட்டார் இல்லை, டீசல் இல்லை.

இப்போது ஒருவர் அதில் பத்துப் பேர்ச் வாங்கி மண் நிரப்பிக் கடை கட்டுகிறார். அந்தப் பத்துப் பேர்ச்சில் நிற்க வேண்டிய ஓர் அடித் தண்ணீர் 77 ஆயிரம் லீற்றர். பதினைந்து பவுசர். அது எங்கே போகும்? வானத்துக்குப் போகாது. பக்கத்துக் கடைக்குப் போகும், அல்லது வீதிக்கு ஏறும். இதோடு முடியவில்லை. வயலாக இருந்தபோது மழைத் தண்ணீரில் ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது பத்துப் பேர்ச் முழுக்கக் கூரையும் கொங்கிரீட்டும். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 25 ஆயிரம் லீற்றர் பீலி வழியாக நேரே ஓயாவுக்குள் இறங்குகிறது. ஒருவர் செய்தால் ஓயாவுக்கு அது தெரியாது. இருநூறு பேர் செய்தால் தெரியும். இருநூறு பேரும் தனித்தனியே கேட்பது, என் பத்துப் பேர்ச்சாலா ஊர் மூழ்கியது என்றுதான். தனித்தனியே பார்த்தால் எல்லோர் சொல்வதும் சரி, கூட்டிப் பார்த்தால் எல்லோர் சொல்வதும் பிழை.

அக்குறணைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது சில பத்திரிகைகளுக்கும் சில அரசியல்வாதிகளுக்கும் பழக்கமாகிவிட்டது. ஒரு பள்ளத்தாக்கு, அதன் நடுவே ஓயா, ஓயாவை ஒட்டியே யாழ்ப்பாண வீதி, வீதியை ஒட்டிக் கடைகள். ஊர் அமைந்த விதமே அப்படி. மேலே மலைச்சரிவில் மரத்தை வெட்டித் தோட்டம் போட்டவரும், வீட்டுக்காகச் சரிவை வெட்டி மண்ணைக் கீழே தள்ளியவரும் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அந்த மண் வந்து ஓயாவின் அடியை உயர்த்திவிட்டது. ஆனாலும் ஓயாவின் மேலே தூண் நிறுத்திச் சிலாப் போட்டவர்கள் யார், பொலித்தீன் பையில் கட்டிக் கடைக் குப்பையை இரவில் எறிகிறவர்கள் யார் என்று கேட்டால் நாம் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. மற்றவன் செய்ததைச் சொல்லி நம்முடையதை மறைப்பது வியாபாரத்திலும் செல்லாது.

சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது

இதில்தான் நம்மவர்களில் பலருக்குத் தெளிவில்லை. அனுமதி என்றால் ஒரே இடத்தில் எடுக்கிற ஒரே கடதாசி என்று நினைக்கிறார்கள்.

வயல் காணி என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மண் நிரப்பக்கூடாது. உறுதியில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதால் நிரப்பும் உரிமை வந்துவிடாது. கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் ஆகையால், கட்டடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் 2011 முதல் தேவைப்படுகிறது. கட்டட வரைபடத்துக்கு அங்கீகாரம் தருவது உள்ளூராட்சி மன்றம். கட்டி முடித்த பிறகு, வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டப்பட்டிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழும் அங்கேதான் எடுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சான்றிதழைப் பலர் எடுப்பதே இல்லை. கடையை விற்கப் போகும்போதோ வங்கிக்கு ஈடு வைக்கப் போகும்போதோதான் அது ஞாபகத்துக்கு வருகிறது.

இனி பெரிய சட்டத்துக்கு வருவோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழ் 1993ல் வந்த வர்த்தமானியும் சில திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் மதிப்பீடு செய்ய வேண்டும் என்கின்றன. முழு அளவிலான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துச் சொல்ல விட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஈரநிலம் நிரப்புவதில் அது பிடிக்கிற அளவு 4 ஹெக்டேயருக்கு மேல். ஏறக்குறைய பத்து ஏக்கர். அக்குறணையிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ, மடவளையிலோ எந்த வியாபாரி ஒரே தடவையில் பத்து ஏக்கர் வயலை நிரப்பப் போகிறார்? பெரிய நதிக்கரைக்கும் பொது ஏரிக்கரைக்கும் தனி விதிகள் உண்டு என்பது உண்மை. ஆனாலும் ஓயாவோரத்துப் பத்துப் பேர்ச்சுகள் அந்தப் பெரிய வலையில் சிக்காத சின்ன மீன்கள். வலை போட்டவர்கள் சுறாவுக்குப் போட்டார்கள், நமது ஓயாவைத் தின்றது நெத்தலி.

ஆகவே மிஞ்சியிருக்கிற வாசல் கமநல அலுவலகமும் உள்ளூராட்சி மன்றமும்தான். அதிலும் மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே இடம் சபை. இந்த வருஷம் ஓயாவோரத்தில் எத்தனை வரைபடம் அங்கீகரித்தோம், அதனால் எத்தனை பேர்ச் வயல் குறைந்தது என்ற விவரம் சபையின் கோப்புகளிலேயே இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டினால் வந்துவிடும்.

கரையோரத்தில் எண்ணிப் பார்த்த கதை

எண்ணிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். நமது ஊர்க்காரர்கள் புத்தளம், கல்பிட்டி, பொத்துவில் பக்கங்களில் காணி வாங்குகிறார்கள், ஹோட்டல் போடுகிறார்கள், இறால் பண்ணையில் பங்கு சேர்ந்த காலமும் இருந்தது. ஆகவே இது தூரத்துக் கதையல்ல.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதும் கண்டல் கன்று நடுகிற வேகம் வந்தது. கண்டல் இருந்த இடத்தில் அலையின் வேகம் குறைந்தது என்று பேசப்பட்டதால் வெளிநாட்டு உதவியும் தாராளமாக வந்தது. நட்டவர்கள் படம் எடுத்தார்கள், பலகை வைத்தார்கள், இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று அறிக்கை கொடுத்தார்கள். புத்தகக் கணக்கில் எல்லாம் சரி. பின்னர் ருஹுணு பல்கலைக்கழகத்தவர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த இடங்களுக்கு நேரே போய் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணினார்கள். 2017ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடங்களில். கல்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை வேலை செய்ததில் தேறியது 200, 220 ஹெக்டேயர்தான்.

காரணம் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கண்டல் வளராத உயரத்திலும் மண்ணிலும் நட்டார்கள், நட்ட பிறகு போய்ப் பார்க்கவில்லை. நட்டுவிட்டுப் பராமரித்த இடங்களில் கன்று பிழைத்திருக்கிறது. கடையைத் திறந்து வைத்துவிட்டு முதலாளி வீட்டில் படுத்திருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஆனால் எண்ணிப் பார்த்ததால் ஒரு பாடம் கிடைத்தது. சரியான இடம் தெரிந்து நடும் வேலை பிறகு சீரடைந்தது. 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பு உலகின் முன்மாதிரி மீளமைப்புத் திட்டங்களை அறிவித்தபோது இலங்கையின் கண்டல் மீளமைப்பும் அதில் இடம்பெற்றது.

இறால் பண்ணைகள் வேறு விதமான கணக்கு. புத்தளம் மாவட்டத்தில் கண்டலை வெட்டிப் பண்ணை போட்டார்கள். எல்லாப் பண்ணையும் ஒரே தண்ணீரை எடுத்து அதே தண்ணீருக்குள் கழிவை விட்டன. 1996ல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையில் தொடங்கியது அடுத்த பண்ணைக்கு அதே தண்ணீரோடு போனது. பணம் போட்ட எத்தனையோ பேர் கையை விரித்துக்கொண்டு திரும்பினார்கள். இன்றும் கைவிடப்பட்ட குழிகள் அங்கே கிடக்கின்றன. காட்டவும் உதவாது, கட்டவும் உதவாது.

கொழும்பைப் பாருங்கள். 2010 நவம்பரில் பெய்த மழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு விடயம் உறைத்தது. 2012ல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு பெருநகரத் திட்டம் வந்தது. வாய்க்கால் அகலப்படுத்துவதோடு நிற்காமல், மிஞ்சியிருக்கிற ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலத்தையும் எண்ணி, அளந்து, அது இல்லாவிட்டால் வெள்ளத்தால் எவ்வளவு நட்டம் வரும் என்று பணத்தில் கணக்குப் போட்டார்கள். பெத்தகானையில் ஈரநிலப் பூங்கா வந்தது. 2018ல் முதல் தடவையாக ஈரநில நகரங்கள் என்று 18 நகரங்களை ராம்சார் அமைப்பு அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. கொழும்பில் இப்போது வெள்ளம் வருவதில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சதுப்பு நிலம் என்பது சும்மா கிடக்கிற காணி அல்ல, நகரத்தின் களஞ்சியம் என்று அதிகாரிகள் பேசத் தொடங்கியது அந்தக் கணக்கு கையில் கிடைத்த பிறகுதான்.

கண்டிக்கும் பணம் வராமலில்லை. 2010ல் ஜப்பானின் கடனுதவியோடு நகரக் கழிவுநீர்த் திட்டம் தொடங்கி, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 2014ல் கண்டி, காலி நகரங்களின் அபிவிருத்திக்கென்று உலக வங்கி 147 மில்லியன் டொலர் கடன் தந்தது. வடிகால் வேலைகளும் அதில் அடக்கம். கேள்வி பணம் வந்ததா என்பதல்ல. மெத எலவின் தண்ணீர் முன்பைவிடச் சுத்தமா, மழைக்கு முன்பு ஏறிய அளவுக்கு இப்போது ஏறுகிறதா என்பதே.

சபையின் மீளாய்வு என்றால் என்ன

அபிவிருத்திக் கூட்டங்களில் முன்னேற்ற அறிக்கை வாசிக்கப்படுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒதுக்கிய தொகை இவ்வளவு, செலவழித்தது இவ்வளவு, நிதி முன்னேற்றம் 92 சதவீதம், பௌதிக முன்னேற்றம் 85 சதவீதம் என்கிற பாணியில் போகும். ஓயாவில் இத்தனை மீற்றர் மண் அள்ளினோம் என்பார்கள். அள்ளிய மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழைக்கு அதே மண் திரும்பவும் ஓயாவுக்குள். பெக்கோ இயந்திரத்துக்கு இரண்டாவது தடவை பில்.

மீளாய்வு என்பது செலவைச் சரிபார்ப்பதல்ல, அது கணக்காய்வாளரின் வேலை. போட்ட பணத்தால் நினைத்தது நடந்ததா என்று பார்ப்பதே மீளாய்வு. பிங்கா ஓயாவுக்கு அது மிக எளிது. பாலத்தடியில் அடி அளவு குறித்த ஒரு தூண் நட்டு, ஒவ்வொரு மழைக்கும் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, எத்தனை அடி ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வற்றியது என்று கொப்பியில் எழுதினால் போதும். மூன்று வருஷக் கொப்பி இருந்தால் மண் அள்ளியதில் பயன் வந்ததா என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் ஒவ்வொரு பிரதேச சபைக்கும் நான்கு குழுக்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், நான்காவது சுற்றாடலும் வசதிகளும். உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் குழுக்களில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. வர்த்தக சங்கங்கள் நிதிக் குழுவின் கதவைத் தட்டுவார்கள், வரியைப் பற்றிப் பேசுவார்கள். சுற்றாடல் குழுவில் ஒரு நாற்காலி கேட்ட வர்த்தக சங்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆக நட்டப்படுகிறவர்கள் நாம், அந்த அறைக்குள் இல்லாதவர்களும் நாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் நின்றுபோன வேலைகளும், யாரையும் கேட்காமல் நடந்த வேலைகளும் எவை என்பதை இப்போதுள்ள உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். கேட்கிறவர்கள் இருந்தால் எண்ணுவார்கள்.

இடிப்பது யாருடையதை?

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சட்டவிரோதக் கட்டடங்களை அகற்றுவோம் என்ற அறிவிப்பு வரும். நமது வியாபாரிகளுக்குப் பயம் அதில்தான், அந்தப் பயம் நியாயமானது. சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையிலிருந்து தடை வலயம் அறிவித்தார்கள். குடிசை போட்டிருந்த மீனவனுக்கு அது உடனே செல்லுபடியானது. ஹோட்டலுக்கு விதிவிலக்குக் கிடைத்தது என்ற குறை எழுந்தது. பிறகு வலயத்தையே தளர்த்தினார்கள். இங்கேயும் பெட்டிக்கடையை முதல் நாள் இடித்துவிட்டு, நான்கு மாடிக்கு வரும்போது கோப்பு காணாமல் போகுமானால் அது பாதுகாப்பு வேலை அல்ல.

இன்னொன்று, நமது கடைவீதிகளில் கட்டடம் ஒருவருடையது, கடை நடத்துகிறவர் வேறொருவர். சாவிப் பணம் கொடுத்து உட்கார்ந்த வாடகைக்காரருக்கு அந்தக் கட்டடம் ஓயாவின் ஒதுக்கு நிலத்தில் நிற்கிறது என்பதே தெரியாது. அறிவித்தல் வருவது உரிமையாளருக்கு, சாமானோடு வீதிக்கு வருவது வாடகைக்காரர். ஆகவே குத்தகை எழுதுமுன் அங்கீகரித்த வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். காணி வாங்குகிறவர்கள் நொத்தாரிசு உறுதியைத் தேடிப் பார்த்தால் போதும் என்று நிற்காமல், நில அளவையாளரிடம் ஓயாவின் ஒதுக்கு எங்கே முடிகிறது என்று குறித்துத் தரச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் இருக்கிறது. உயர் நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி மட்டும் போதாது. காப்புறுதியிலும் கவனம் வேண்டும். தீக் காப்புறுதி எடுத்தவர்களில் பலர் வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. இன்றே பொலிசியை எடுத்து வாசியுங்கள்.

ஒதுக்கு நிலம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம், நமக்கு எதிரானது என்று பேசுகிறவர்களும் உண்டு. நமது ஃபிக்ஹ் நூல்களில் ஹரீம் என்று ஒரு பாடம் இருக்கிறது. கிணற்றுக்கும் ஊற்றுக்கும் ஆற்றுக்கும் அதைச் சுற்றி இவ்வளவு தூரம் யாரும் தனக்கென்று ஆக்கிக்கொள்ள முடியாத இடம் என்று இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கிணற்றுக்கு எத்தனை முழம் என்பதுவரை கருத்து வேறுபாடுகளோடு பேசியிருக்கிறார்கள். ஜும்ஆ குத்பாவில் இதை ஒரு தடவை விளக்கினால், பத்து அறிவித்தல் பலகையைவிடப் பயன் இருக்கும். பள்ளிவாசல் காணியும் மத்ரஸா காணியும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதையும் நிர்வாகிகள் கவனத்தில் கொள்வது நல்லது. வக்ஃபுக்கு என்று நிரப்பினாலும் அந்த 77 ஆயிரம் லீற்றரும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

சபைகளின் அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. வர்த்தக சங்கங்கள் அப்போது போய் ஓயாவுக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கியிருக்கிற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்றிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தச் சபையிடமும் எழுத்தில் தகவல் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடந்த ஐந்து வருஷத்தில் பிங்கா ஓயாவில் எத்தனை தடவை மண் அள்ளப்பட்டது, ஒவ்வொரு தடவையும் செலவு எவ்வளவு, அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது, ஓயாவிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் அங்கீகரித்த வரைபடங்கள் எத்தனை. இந்த நான்கையும் ஒரு கடதாசியில் எழுதிச் சபையின் தகவல் அதிகாரியிடம் கையளித்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். பதில் கிடைக்கிற சங்கங்கள் இந்தப் பத்திரிகைக்கு ஒரு பிரதி அனுப்பினால், எண்களைக் கூட்டி இதே பக்கத்தில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.